நாலாம் குழித் தண்ணீர்

ராக்கன் நாலாம் குழியின் கரையில் குப்புறப் படுத்து, செம்பைத் தண்ணீருக்குள் விட்டுக் கெண்டைக் குஞ்சுகளைத் துரத்திக்கொண்டிருந்தான். ஒன்று உள்ளே வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். வீட்டில் அண்ணன் வீரய்யாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பொழுது தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

திருமயத்துக்குக் கிழக்கே முருகப்பச் செட்டியாரின் அரிசி மில்லில் வீரய்யா பாய்லர்க்காரர். அவிக்கிற நெல் ஊறிய தண்ணீர் நேரே வாய்க்காலில் விழுந்து, புளித்து நாறி, ராக்கனின் வயலையும் கருக்கியது. "ஒங்க மில்லு எங்க வயித்துல அடிக்குதுண்ணே" என்று கத்திவிட்டுப் போனவன், மூன்று வருஷம் அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை.

அந்த மூன்று வருஷமும் வேலை முடிந்தபின் வீரய்யா மில்லுக்குப் பின்னால் குழி வெட்டினார். முதல் குழியில் கசடு அடங்கும். அடுத்ததில் சுண்ணாம்பு. மூன்றாவதில் சரளையும் மணலும். நாலாவதில் தண்ணீர் கோரைக்கு நடுவே வெயில் காய்ந்துவிட்டு வாய்க்காலுக்குப் போகும். மண்வெட்டிச் சத்தம் கேட்டுக் கேட்டு, ஒருநாள் ராக்கனும் கூடையோடு போய் நின்றான். அண்ணன் வெட்டிப் போட்ட மண்ணை அள்ளிக் கரையில் கொட்டினான்.

நாலாம் குழியில் விட்ட மீன்குஞ்சுகள் மூன்று தடவை செத்து மிதந்தன. ஒவ்வொரு தடவையும் வீரய்யா சுண்ணாம்பைக் குறைத்தார். "இந்தத் தடவ எட்டு நாள் பொழைச்சுக் கெடந்தா, புதுக்கோட்டையில கட்டுற மில்லுக்கும் குழி வெட்டுறேன்" என்றார் முதலாளி செட்டியார். இன்று எட்டாம் நாள்.

கட்டிலருகே முதலாளியே வந்து நின்றிருந்தார். மதினி மருதாயி அண்ணனின் தலையைத் தூக்கிப் பிடித்தாள்.

"பாருங்கண்ணே, துள்ளுது" என்றான் ராக்கன்.

வீரய்யா மோந்து பார்த்தார். "வாடை?"

"இல்லண்ணே. மாடே குடிச்சிருச்சு."

செட்டியார் செம்புக்குள் வெகுநேரம் பார்த்தார். "செயிச்சுப்புட்ட வீரய்யா. அங்கயும் குழி வெட்டிட்டுத்தான் பாய்லரப் பத்த வைப்பேன்."

"சரளைய... பெருசாப் போடச் சொல்லுங்க மொதலாளி. பொடிசு அடைச்சுக்கிரும்."

மருதாயி அழுதுகொண்டே சிரித்தாள். உச்சிப்பொழுதில் வீரய்யாவின் மூச்சு அடங்கியது.

பிள்ளையில்லாத அண்ணனுக்கு ராக்கன்தான் கொள்ளி வைத்தான். வயல்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மில்லில் சங்கு நீளமாக ஊதியது.

மில் வந்த நாளிலிருந்து, சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் வாய்க்காலை விட்டுவிட்டு, தலைமுழுக ஒரு மைல் நடந்து கண்மாய்க்குத்தான் போவார்கள். கொஞ்ச நாளாக வாய்க்கால் தெளிந்து ஓடினாலும் இறங்க யாருக்கும் மனம் வரவில்லை. அன்றும் கூட்டம் கண்மாய்ப் பக்கம் திரும்பியது.

"அங்கிட்டு எங்க போறீங்க?" என்றான் ராக்கன்.

வாய்க்காலில் இறங்கி, மூக்கைப் பிடிக்காமல் முங்கினான். எழுந்து முகத்தைத் துடைத்தபோது, இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். பின்னால் இன்னும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கரையில் முருகப்பச் செட்டியார் சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.