கடலுக்குத் தண்ணீர் ஊற்றும் இயந்திரம்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நடந்தது வேறு. கச்சிராயபாளையம் சாலையில் ஒரு மோட்டார் கடை. என் வீட்டு மோட்டார் ஒழுகியதால் வாஷர் வாங்கப் போய் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் கடைக்காரரிடம் கேட்டார்:

"கடலுக்குத் தண்ணி ஊத்தற மெஷின் ஒண்ணு வேணுங்க. தானா ஊத்தணும்."

கடைக்காரர் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எத்தினி ஹெச்.பி.?" என்றார்.

கேட்டவரும் சிரிக்கவில்லை, பதில் சொன்னவரும் சிரிக்கவில்லை. நான் வாஷரை மறந்துவிட்டு அவர் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரை போனேன். பேர் கேட்டேன், ஊர் கேட்டேன், வீட்டுக்கு வரலாமா என்றும் கேட்டேன். என் மோட்டார் இன்றுவரை ஒழுகிக்கொண்டிருக்கிறது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"கள்ளக்குறிச்சியில் கடல் இல்லை. ஆனால்…"

(அடித்துவிட்டேன். 'ஆனால்' என்று இழுத்துவிட்டால் அடுத்து ஒரு தத்துவம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.)

இரண்டாவது:

"வீரமுத்துவின் கண்களில் ஆழ்கடலின் நீலம் படிந்து…"

(இதுவும் போச்சு. அவர் கண்ணில் படிந்திருந்தது புரை. போன வருஷம்தான் ஆபரேஷன் ஆனது.)

மூன்றாவது தொடக்கத்தில் அலங்காரம் எதுவும் கிடையாது. வீரமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வடக்கனந்தலில் கரும்பு போடுகிறார். மகள் ஜெயசுதா கடல் உயிரினங்களைப் பற்றிப் படித்தவள். வேலை கிடைத்து வெளிநாடு போனபோது, இருநூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்றை அப்பாவிடம் விட்டுப்போனாள். உள்ளே உப்புத் தண்ணீர், இரண்டு ஆரஞ்சு மீன், ஒரு நத்தை, அவளே தொட்டியில் வளர்த்தெடுத்த உள்ளங்கை அகலப் பவளம். வீட்டில் அதன் பெயர் கடல். "கடலுக்கு லைட் போட்டியா?" என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

அந்தக் கடலில் ஒரு சிக்கல் உண்டு. சித்திரை வெயிலில் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் ஆவியாகிவிடும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. அப்படியே விட்டால் கரித்துக் கரித்துப் பவளம் செத்துவிடும். குறைந்த அளவுக்கு, குறையக் குறைய, நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பதினொரு மாதமாக அதைச் செய்துவருவது வீரமுத்துவும் ஒரு டம்ளரும்.

இந்த வரைவுக்கும் அதே வியாதிதான். எழுதியதை மறுநாள் எடுத்துப் பார்த்தால் சாதாரண வாக்கியங்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டிருக்கின்றன. என் கெட்டிக்காரத்தனம் மட்டும் அடியில் நிற்கிறது. வாயில் வைக்க முடியவில்லை. ஆகவே அங்கங்கே ஒரு டம்ளர் ஊற்றப் போகிறேன்.

[ஒரு டம்ளர்: வீரமுத்து எழுந்தார். பல் துலக்கினார். காப்பி குடித்தார்.]

இப்போது பரவாயில்லை.

3

செவ்வந்தியைப் பற்றிச் சொல்லவில்லையே. வீரமுத்துவின் மனைவி. இந்தக் கதை உண்மையில் அவருடையது. அது எனக்கு மூன்றாவது வரைவில்தான் உறைத்தது.

அவர்கள் வீட்டு மாடியில் ஏறி நின்றால் கல்வராயன் மலை கண்ணுக்கு நேரே தெரியும். மேலே கரியாலூர். அங்கே போய் இரண்டு இரவு தங்க வேண்டும், சித்திரை மாசத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும் என்பது செவ்வந்தியின் ஆசை. கல்யாணமான வருஷம் கேட்டார். இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. பஸ்ஸில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் தூரம்தான். முதலில் மாடு இருந்தது, தண்ணீர் காட்ட ஆள் வேண்டும். அப்புறம் கரும்பு. மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது, வரும்போது ஆள் இருக்க வேண்டும். இப்போது கடல். எதற்காவது தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் இருந்திருக்கிறார் மனிதர்.

இந்த முறை ஜெயசுதாவே போனில் அறை பதிவு செய்துவிட்டாள். வெள்ளி, சனி, இரண்டு இரவு. அதனால்தான் அவர் மோட்டார் கடைக்கு வந்தார்.

முதல் வரைவில் செவ்வந்தியை மீனைக் கண்டாலே ஆகாதவராக எழுதியிருந்தேன். மோதல் வேண்டுமல்லவா? வீட்டுக்குப் போனபோது அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"மீன நான் எங்க சார் வெறுத்தேன்? அதுக்கு நேரா நேரத்துக்குத் தண்ணி கெடைக்குது, ஆளு கெடைக்குது. அதப் பாத்தா எனக்குப் பொறாமதான்."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கிழித்த காகிதத்தில்தான் வெண்டைக்காய்க் காம்பைச் சுருட்டி எறிந்தார்.

4

தானியங்கிச் சாதனத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி இணையத்தில் ஏராளமாக எழுதி வைத்திருக்கிறார்கள். வீரமுத்து அதை நம்பவில்லை. மகளுக்கு வரன் விசாரிப்பது மாதிரி விசாரித்தார். இதே சாதனம் யார் வீட்டில் இருக்கிறதோ அங்கே நேரில் போவார். அவர்களை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் கேட்பார். திருநாவலூரில் ஒருவர் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறிப் போனார். அங்கே டீக்கடைக்காரரிடம், "அந்த வூட்டு மெஷின் எப்படிங்க, கொணம் நல்லாருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். டீக்கடைக்காரர் யோசித்து, "சத்தம் கேட்டதில்லைங்க" என்றாராம். அது நல்ல சம்பந்தம் என்று குறித்துக்கொண்டு வந்தார்.

முதல் வரன், மிதவை வால்வு. மேல்தொட்டியில் மிதக்கிற பந்து மாதிரிதான், சின்னது. பந்து இறங்கினால் தண்ணீர் திறக்கும், ஏறினால் மூடும். நான்காம் நாள் நத்தை ஊர்ந்து வந்து பந்தின்மேல் குந்திக்கொண்டது. பந்து அமுங்கியது, தண்ணீர் திறந்தது, கூடம் நனைந்தது. தப்பு நத்தையுடையதா, வால்வுடையதா என்று வீட்டில் இரண்டு நாள் பேசினார்கள்.

இரண்டாவது வரன், ஒளிக்கண் சென்சார். படித்த மாப்பிள்ளை. தண்ணீரைக் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளும். கண்ணில் பாசி படிந்ததும், தண்ணீர் நிறைய இருப்பதாக எண்ணிக்கொண்டு சும்மா இருந்துவிட்டது. "அதுக்கும் பொரைங்க" என்றார் வீரமுத்து. பழைய டூத் பிரஷ்ஷால் அவரே ஆபரேஷன் செய்தார்.

மூன்றாவது, ஆஸ்பத்திரி சலைன் செட். கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டு, சுத்தமான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவது. தெருவிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே பாட்டிலும் டியூபும் மட்டும்தான் தெரியும். சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு ஓட்டும் அம்மாசி, செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு உள்ளே வந்தார்.

"யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?"

"கடலுக்கு" என்றார் செவ்வந்தி.

உடம்பு விசாரிக்கக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போனால் நன்றாக இருக்காது. மூன்று ஹார்லிக்ஸ், ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு பன் பாக்கெட் எல்லாம் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலில் வரிசையாக இருந்தன. அம்மாசி கண்ணாடியருகே குனிந்து மீனைப் பார்த்து, "வேளாவேளைக்குச் சாப்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.*

* அம்மாசி இதை மறுக்கிறார். தான் கொண்டுவந்தது ஹார்லிக்ஸ் இல்லை, சாத்துக்குடி என்கிறார். மற்றதை மறுக்கவில்லை.

சலைன் செட்டுக்கு வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது. மழை நாளிலும் அதே சொட்டுதான். அதையும் கழற்றினார்.

[ஒரு டம்ளர்: மறுநாள் செவ்வாய்க்கிழமை. வெயில் அடித்தது.]

5

இப்போது நம் பக்கத்து ஆள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தை வீரமுத்து செய்தார்.

எங்கள் ஊரில் மோட்டாருக்கும் போன் நம்பர் உண்டு. கிணற்றடி ஸ்டார்ட்டரில் ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்டிலிருந்து கூப்பிட்டால் ஒரு பெண் குரல், "மின்சாரம் உள்ளது. மோட்டார் நின்றுள்ளது" என்று சொல்லும். ஒன்றை அழுத்தினால் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். வீரமுத்து அதே மாதிரி ஒன்றைக் கடலுக்கும் மாட்டினார். சென்சார் ஒரு காவல், மிதவை அதற்குக் காவல், இரண்டுக்கும் மேலே போன். பக்கத்தில் ஐம்பது லிட்டர் நீல டிரம்மில் நல்ல தண்ணீர். போனில் ஒன்றை அழுத்திவிட்டால் சென்சார், மிதவை யார் பேச்சும் எடுபடாது, ஓடியே தீரும். அப்படித்தான் ஒயர் கொடுத்திருந்தார். தான் சொல்லியும் ஓடாத மோட்டாரை எந்த விவசாயி பொறுத்துக்கொள்வார்?

மாட்டிய நாளிலிருந்து மணிக்கொரு தரம் கூப்பிட ஆரம்பித்தார். வயலில் நின்று கூப்பிடுவார், பஞ்சாயத்து ஆபீஸ் வரிசையில் நின்று கூப்பிடுவார், தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டும் கூப்பிடுவார்.

"ஏங்க," என்றார் செவ்வந்தி ஒரு நாள், "நான் எங்க அம்மா வூட்டுல பத்து நாளு கெடந்தனே. ஒரு தபா போன் பண்ணி, கரண்ட் இருக்குதான்னாச்சும் கேட்டீங்களா?"

வீரமுத்து போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். (இந்த இடத்தில் அவருக்கு ஒரு நல்ல பதில் எழுதிக் கொடுக்கலாம் என்று மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல பதில் கிடையாது.)

கரியாலூர் போக ஐந்து நாள் இருக்கும்போது, காலையில் வயற்பக்கமிருந்து அம்மாசி கத்தினார்: "மூணு பேஸ் வந்துட்ச்சு!" பத்து வருஷப் பழக்கம். வீரமுத்துவின் கட்டைவிரல் போன் பட்டியலில் மேலே இருந்த மோட்டார் நம்பரைக் கூப்பிட்டது. குரல் முடிவதற்குள் ஒன்றை அழுத்திவிட்டு, மண்வெட்டியோடு கரும்புக்கு மடை திருப்பக் கிளம்பிவிட்டார். மேலே இருந்தது கடலின் நம்பர்.

கரும்புக்கு ஒரு சொட்டு வரவில்லை. ஐம்பது லிட்டரும் தொட்டிக்குள் போயிருந்தது. வழிந்ததில் கூடத்தில் செருப்பு மிதந்தது. பவளம் சுருங்கி மூடிக்கொண்டுவிட்டது. வீரமுத்து ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மகளுக்கு என்ன சொல்வது என்று அழுதார். செவ்வந்தி உப்பைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தார். இவர் அளந்து அளந்து ஊற்றினார். மூன்றாம் நாள் பவளம் ஓர் ஓரமாக விரிந்தது.

"நான் எங்கியும் வரல செவ்வந்தி" என்றார்.

6

இங்கே கதை நின்றுவிட்டது. எனக்கு ஒரு முடிவும் தோன்றவில்லை. அவர் போகாமலேயே மாடியில் நின்று இருவரும் மலையைப் பார்ப்பதாக எழுதினேன். அழகாகவே இருந்தது. நாசூக்கான சோகம், கொஞ்சம் மேகம் எல்லாம் போட்டிருந்தேன். வீரமுத்துவிடமும் போனில் சொன்னேன். அன்று சாயங்காலம் செவ்வந்தி எனக்குப் போன் செய்தார்.

"இன்னா சார், மொட்ட மாடில நிக்கவச்சே முடிச்சிட்டீங்களாமே. அவரு சொன்னாரு. இருவத்தெட்டு வருசமா அங்கதான நின்னுக்கினு இருக்கேன். அதுக்கு எதுக்குக் கதை?"

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "வேற என்னம்மா செய்யறது? நம்பகமான சாதனம்னு ஒண்ணு இருந்தாத்தானே அவர் கிளம்புவார்?"

"எத நம்பறது சார்? கொட்டாத மெஷினு எங்கியும் கெடையாது. அவுரு ஐம்பது லிட்டரு டிரம்ம வச்சிக்கினு அது மேல மூணு காவல் போடறாரு. மூணு நாளைக்கு ஆறு லிட்டருதான வேணும்? எட்டு லிட்டரு கேன வையுங்க. புத்தி கெட்டு மொத்தத்தையும் கொட்டினாலும் கடலு சாவாது. கொஞ்சம் சப்புன்னு ஆவும், அவ்ளோதான்."

நான் படித்த ஆங்கிலக் கட்டுரைகள் எல்லாம் சென்சார்களைத்தான் ஒப்பிட்டிருந்தன. தண்ணீர் வைக்கிற பாத்திரத்தின் அளவைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. கதை எழுதுகிற எனக்கும் இதுவரை யாரும் சொல்லாத பாடம் அது. அதனால்தான் இந்தக் கதையையும் சின்னப் பாத்திரத்தில் வைத்திருக்கிறேன், மொத்தமும் கொட்டினாலும் சேதமில்லை.

வீரமுத்து கேனை மாற்றினார். போனில் ஒன்றை அழுத்தினால் மோட்டாரை ஓட்டும் ஒயரைச் செவ்வந்தியே பிடுங்கினார். இனி கூப்பிட்டு விசாரிக்கலாம், ஓட்ட முடியாது. அதற்கும் அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் வெள்ளிக்கிழமை காலை, பையைத் தோளில் மாட்டியபடி தொட்டியை விட்டு நகராமல் நின்றார்.

செவ்வந்தி வீட்டுச் சாவியை என் கையில் வைத்தார். "எழுதறதுக்குத்தான வர்றீங்க? ரெண்டு நாளு இங்கியே உக்காந்து எழுதுங்க. தொட்டில கைய மட்டும் வைக்காதீங்க."

7

ஆகவே, வாசகரே, இந்தக் கதை எங்கே எழுதப்படுகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். வடக்கனந்தலில், கடலுக்கு முன்னால், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். சனிக்கிழமை மதியம். பசிக்கு ஹார்லிக்ஸ் இருக்கிறது.

ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு உண்டு. அவர் கூப்பிட்டால் மினுங்கும். நேற்று அவர்கள் பஸ் ஏறியதும் மினுங்கியது. கோமுகி அணைப் பக்கம் போயிருப்பார்கள் என்று நான் கணக்குப் போட்ட நேரத்தில் இரண்டு தரம். மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு. மொத்தம் பதினேழு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நேற்று மதியத்திலிருந்து இன்று மதியம் வரை ஒரு தரம்கூட மினுங்கவில்லை.

என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

மேலே சிக்னல் கிடைக்கவில்லை. வீரமுத்து போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பாறை பாறையாக ஏறி இறங்குகிறார். அறையில் செவ்வந்தி தனியாக உட்கார்ந்திருக்கிறார். இதுதான் நடக்கக்கூடியது.

அல்லது போனைச் செவ்வந்தி பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். இதை எழுதினால் எல்லாரும் சிரிப்பீர்கள்.

அல்லது சிக்னல் இருக்கிறது, போன் சட்டைப்பையிலேயே இருக்கிறது, அவர் மறந்துவிட்டார். கம்பளிக்குள் செவ்வந்தி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார், இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு இதுதான் வேண்டும். வேண்டும் என்பதற்காகவே இதை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. நாளை மாலை அவர்கள் திரும்பி வந்து, "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்று செவ்வந்தி சொல்லிவிட்டால்?

தண்ணீர், கோடு போட்ட இடத்துக்குக் கீழே நகக்கண் அளவு இறங்கியிருக்கிறது. இந்தத் தடவை இன்னும் சாதனம் அசையவில்லை. நான் எழுந்து டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரே ஒரு டம்ளர். யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்தக் கதைக்கும் கடைசியாக ஒன்று ஊற்றினால் நன்றாக முடியும்…

ஜிர்ர் என்றது. மோட்டார் தானாக ஓடியது. ஏழு நொடி. தண்ணீர் கோட்டைத் தொட்டதும் நின்றது. பவளம் முழுசாக விரிந்திருக்கிறது, அதன்மேல் இரண்டு மீனும் சும்மா நிற்கின்றன.

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். என் வீட்டு மோட்டாருக்கு வாஷர் வாங்க வேண்டும், நான் கிளம்புகிறேன். சாவியை ஜன்னல் மேல் வைத்திருக்கிறேன். அவர்கள் நாளை வரும்வரை இந்த நாற்காலி உங்களுடையது. பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருங்கள். தொட்டியில் மட்டும் கையை வைக்காதீர்கள்.