நாயகியைப் பற்றிய குறிப்புகள்

என் மகள் தன் வாயால் சொல்ல முடியாத ஒரு விஷயத்தை நாற்பது நாள் என் மேசைமேல் வைத்திருந்தாள். நான் அதில் ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ளவே இப்போதெல்லாம் நாக்கு கூசுகிறது. என்ன செய்வது, வேறு வேலை தெரியாது. இதையும் எழுதித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறவன். இதுவரை பதினான்கு. வீட்டைவிட்டு ஓடும் பையன், பள்ளியில் கேலிக்கு ஆளாகும் பெண், பிரிந்துபோகும் பெற்றோர் என்று பிள்ளைகளுக்கு வரக்கூடிய கஷ்டங்களில் முக்கால்வாசியை முடித்துவிட்டேன். பாக்கி இருந்தது போதை. பதிப்பாளர் போன் செய்து, பள்ளி நூலகங்கள் இப்போது அதைத்தான் கேட்கின்றன, நூற்று அறுபது பக்கத்துக்குள் வேண்டும், பதினோராவது அத்தியாயத்தில் குணமாகிவிட வேண்டும் என்றார். அப்படியானால் பன்னிரண்டாவது எதற்கு என்று கேட்டேன். சூரிய உதயத்துக்கு என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கும் அது விளையாட்டாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று பேர். என் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க மற்றவர்களை எழுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு வருகிறவள் என்பதால் வீட்டில் எதையும் படிக்க மாட்டாள். என் பதினான்கு நாவல்களையும் அட்டையோடு அறிவாள். மகளுக்குப் பதினாறு. பத்து வயதிலிருந்து என் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் தீர்ப்புச் சொல்வதால் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பேர். வேண்டாத வரியைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்து, ஓரத்தில் ஒரு சுழி போட வேண்டும் என்று நான்தான் கற்றுக் கொடுத்தேன். அந்தச் சுழியை அவள் போடும் அழகைப் பார்த்தால் என் வரி போன வருத்தமே இருக்காது.

முதல் மூன்று அத்தியாயங்களை ஒரே மூச்சில் எழுதினேன். சிவந்த கண், கிழிந்த கால்சட்டை, நடுங்கும் கையோடு ஒரு பையன். சந்து முனையில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஆள், கன்னத்தில் தழும்பு. மூன்றாவது அத்தியாயம் முடிவதற்குள் பையன் அம்மாவின் சங்கிலியைத் திருடிவிட்டான். எனக்கே கொஞ்சம் வேகமாகத்தான் பட்டது, ஆனால் நூற்று அறுபது பக்கம்தானே.

ஜட்ஜம்மா படித்துவிட்டுச் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. எனக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது.

"இந்த ஆள் கோட்டு போட்டுக்கிட்டு சந்துலயே நிக்கிறாரே, அவருக்கு வேற வேலை இல்லையாப்பா? அப்படி யாரும் வந்து குடுக்க மாட்டாங்க. பக்கத்துல உக்காந்திருக்கற ஃப்ரெண்டுதான் குடுப்பா. பரீட்சைக்கு நல்லா முழிப்பு வரும், தலைவலி மாத்திரை மாதிரிதான்னு சொல்லுவா. கேக்கறதுக்கு நல்லதாத்தான் இருக்கும்."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். எங்க வகுப்புல ஒரு பொண்ணு என்றாள். வேறு எந்த அப்பனாக இருந்தாலும் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்திருப்பான். நான் மை தீர்ந்துவிடப்போகிறதே என்று இன்னொரு பேனாவைத் தேடி எடுத்து வந்தேன்.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மூன்றாவது நாவலில் இடதுகைப் பழக்கமுள்ள ஒருத்தன் எழுபதாம் பக்கத்தில் வலது கையால் பந்து எறிந்துவிட்டான். ஒரு சிறுமி கடிதம் போட்டு மானத்தை வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நீள நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவேன். வயது, உயரம், சாப்பாடு, பழக்கம் என்று வரிசையாகக் கட்டம் போட்டுப் பூர்த்தி செய்த பிறகுதான் கதை. கடைசிக் கட்டம் எப்போதும் பயம். ஒரு ஆள் எதற்குப் பயப்படுகிறான் என்று தெரியாமல் அவனை நடக்க வைக்க முடியாது என்பது என் கட்சி.

கோட்டு ஆசாமியை வேலையிலிருந்து நீக்கினேன். பையன் பெண்ணானான். ஜட்ஜம்மா சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வருவாள். தலையைப் படிய வாரியிருப்பாள், பெரியவர்களைக் கண்டால் புன்னகை. காலைச் சாப்பாட்டைத் தட்டில் இங்குமங்கும் நகர்த்திவிட்டுப் பாதியில் எழுந்துவிடுவாள். பேசும்போது கட்டைவிரலால் மோதிரவிரல் நகத்தைத் தேய்த்துக்கொண்டேயிருப்பாள். வாரம் முழுக்கச் சுறுசுறுப்பு, ஞாயிற்றுக்கிழமை எழுப்பினால் எரிந்து விழுவாள். முதலில் பரீட்சைக்கு மட்டும் போட்டாள். பிறகு பரீட்சை இல்லாத நாளில், அது இல்லாமல் எழுந்து நிற்க முடியாததால் போட்டாள். மாத்திரை இருக்குமிடம் காகிதம் ஒட்டும் காலிப் பசைக் குச்சியின் உறை, பச்சை மூடி.

பயம் என்ன என்று கேட்டேன். அதை அப்புறம் சொல்றேன் என்றாள். அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

நாவல் குதிரையாய் ஓடியது. பதிப்பாளருக்கு ஐந்து அத்தியாயம் அனுப்பினேன். இத்தனை நுணுக்கம் எங்கே பிடித்தீர்கள் என்று வியந்துபோய்க் கேட்டார். களப்பணி என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் யாராவது என் தலையில் குட்ட வேண்டும் போலிருக்கிறது.

சிக்கல் பத்தாவது அத்தியாயத்தில் வந்தது. நாயகி தன் அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய இடம். முதலில் அப்பா அவளை அறைகிற மாதிரி எழுதினேன். அறை விழுந்தா அவ சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லித் தப்பிச்சுடுவா என்று ஜட்ஜம்மா அடித்துவிட்டாள். அடுத்ததில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இதுக்கு மேல அவ ஜென்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டா என்றாள். மூன்றாவதில் அப்பா மூன்று பக்கம் பேசினார். சொல்லக்கூடாது, என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல உரைநடை எழுதியதில்லை. அவள் மூன்று பக்கத்துக்கும் சேர்த்து மூலைக்கு மூலை ஒரே கோடு இழுத்து, ஓரத்தில் பெரிதாக ஒரு சுழி போட்டாள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவளோடு அளந்துதான் பேசினேன். ஒரு சுழிக்காக.

நான்காவதில் அப்பாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள், சத்தியம் செய்துகொண்டார்கள், விடிந்தது. அதைப் படித்துவிட்டு அவள் கோடு எதுவும் போடவில்லை.

"பதினோராவதுல அவளுக்குச் சரியாயிடுமாப்பா?"

"ஆகணும். பதிப்பாளர் சொல்லிட்டார்."

"ஆகலைன்னா?"

ஆகவில்லையென்றால் கதை முடியாதே என்றேன். அவள் தாள்களை ஓரம் தட்டி அடுக்கி மேசையில் வைத்தாள். பிறகு நகத்தைத் தேய்த்துக்கொண்டே, உங்களுக்கே இப்படி நடந்தா என்ன செய்வீங்க என்று கேட்டாள்.

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"நான் என்ன அந்த ஆள் மாதிரி கண்ணு தெரியாதவனா? முதல் நாளே கண்டுபிடிச்சிருப்பேன்."

அவள் என்னைப் பார்த்தாள். சரிப்பா என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். கதையின் அமைப்பில் அவளுக்கு ஏதோ கருத்து வேறுபாடு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த சனிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். என் மேசை துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான். வேறு எங்கும் இடமில்லை. மனைவி துணி எடுக்க வந்தாள். நோட்டு திறந்து கிடந்தது. ஈரச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, நின்றபடியே அந்தப் பக்கத்தை முழுதும் படித்தாள். என் எழுத்தை அவள் படித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பாராட்டு வரப்போகிறது என்று எதிர்பார்த்தேன்.

"நீங்களும் கவனிச்சிருக்கீங்க. நான் மட்டும்தான் தனியா பயந்துக்கிட்டிருக்கேன்னு நினைச்சேன்," என்றாள். "அவ கண்பாப்பா ஒரு மாசமாவே பெருசா இருக்குங்க. ஜன்னல் வெளிச்சத்துல நிக்க வச்சுக்கூடப் பார்த்தேன், சரியா சுருங்கல. பவர் மாறியிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இப்படி வரிசையா எழுதி வச்சது நல்லதாப் போச்சு. டாக்டர் கிட்ட இதை அப்படியே காட்டலாம்."

இது என் நாயகி என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாதி வார்த்தைதான் வந்தது.

அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். படிய வாரிய தலை, தட்டில் நகரும் சாப்பாடு, மோதிரவிரல் நகம். என் கையெழுத்துத்தான், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினமும் எனக்கு எதிரே உட்காருகிறவள்தான். முதலில் வெட்கம் வந்தது, பிறகுதான் பயம் வந்தது. இந்த வரிசையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. என் குழந்தை என் மூக்குக்குக் கீழே நாற்பது நாளாக மெல்ல மெல்ல நழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளை ஒரு நல்ல அத்தியாயமாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீங்க பேசுங்க, உங்களுக்குத்தான் பேச வரும் என்றாள் மனைவி.

மகள் அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலில் மடிக்காத துணி குவிந்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். மனைவி ஈரச் சட்டையோடு வாசலில் நின்றாள். மகள் முதலில் அம்மாவைப் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"படிச்சிட்டீங்களா?"

"அம்மா படிச்சா. எனக்குப் படிக்கத் தெரியல."

அவள் பார்வை என் கைக்குப் போனது, அங்கிருந்து என் நெஞ்சுக்கு. என்ன பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பத்தாவது அத்தியாயத்தின் முதல் பிரதி, இரண்டாம் பிரதி என்று வரிசையாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டேன். நாலும் எனக்கு மனப்பாடம்தான். ஒன்றும் வரவில்லை.

"பேசலையா?" என்றாள்.

"மூணு பக்கம் இருந்துச்சு. நீதான் வேண்டாம்னுட்டியே."

சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அவள் நகத்தைத் தேய்க்கிற கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து மற்றக் கையால் பென்சில் டப்பாவைத் திறந்து, பசைக் குச்சியை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். மூடி நீலமாக இருந்தது.

"நான் பச்சைன்னு எழுதியிருக்கேன்," என்றேன். புத்தி எங்கே போகும்?

"அதை மட்டும் மாத்திச் சொன்னேன்," என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.

திங்கட்கிழமை மருத்துவரைப் பார்த்தோம். அவர் நோட்டை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, இவ்வளவு துல்லியமாகக் கவனித்து எழுதிக் கொண்டுவரும் பெற்றோரை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன் என்று பாராட்டினார். நாங்கள் மூவரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். எப்போது சரியாகும் என்று கேட்டேன். தேதி சொல்ல முடியாது, நடுவில் சறுக்கவும் செய்யலாம், சறுக்கினால் வந்து சொல்கிற மாதிரி வீடு இருந்தால் போதும் என்றார். மாத்திரை கொடுத்த சிநேகிதியின் அம்மாவிடம் என் மனைவியே போய்ப் பேசினாள். அந்தப் பிள்ளையும் இப்போது அதே மருத்துவரிடம்தான் வருகிறது.

சறுக்கல் வரத்தான் செய்தது. பரீட்சை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் என் மேசைப் பக்கம் வந்து நின்று, இன்னிக்கு ஒண்ணு போட்டுட்டேன்பா என்றாள். இயந்திரம் துணியைச் சுற்றிக்கொண்டிருந்த சத்தத்தில் சரியாகக் காதில் விழாமல், என்னம்மா என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் இரண்டாவது முறையும் சொன்னாள். இந்த வீட்டில் நான் பார்த்த பெரிய தைரியம் அதுதான். அன்றைக்கே மூவரும் கிளம்பி மருத்துவரிடம் போனோம்.

பதிப்பாளர் வாரம் ஒருமுறை போன் செய்கிறார். பதினோராவது அத்தியாயம் என்ன ஆயிற்று என்கிறார். நாயகிக்கு இன்னும் குணமாகவில்லை என்கிறேன். எப்போது ஆகும் என்றால், தெரியாது என்கிறேன். போன வாரம், சூரிய உதயத்தையாவது அனுப்புங்களேன் என்று கெஞ்சினார். ஐந்து அத்தியாயத்தையும் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். அது என்னுடைய கதை இல்லை. அவள் என்றைக்காவது எழுதிக்கொள்ளட்டும், எத்தனை பக்கம் வேண்டுமானாலும்.

நேற்று வேறு ஒரு கதைக்கு, குடை தொலைக்கிற ஒரு பையனுக்கு, பக்கம் ஒதுக்கலாம் என்று நோட்டைப் புரட்டினேன். நாயகியின் பக்கத்தில் அந்தக் கடைசிக் கட்டம் நிரம்பியிருந்தது. அவள் கையெழுத்து.

பயம்: சொன்ன பிறகு அப்பா என்னை பார்க்கிற பார்வை மாறிவிடும்.

அதன் குறுக்கே அடிக்கோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டிருந்தாள். ஓரத்தில், நான் கற்றுக் கொடுத்த அதே சுழி.

வரியில் ஒரு ஒற்றுப்பிழை இருந்தது. நான் கை வைக்கவில்லை.