வேட்டைக்கு வேலி கிடையாது

முசே பிரான்சுவா வேட்டைக்குப் புஷ்புஷ் வண்டியில் போவார். பின்னால் ஆள் தள்ள, தொப்பி, துப்பாக்கி, தொப்பை மூன்றும் லாஸ்பேட்டைச் செம்மண் மேட்டில் வந்து இறங்கும். சைகோனில் பிரெஞ்சு சர்க்காருக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற தமிழர். அங்கே புலி சுட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். வேறு யாரும் சொல்லவில்லை. புதுச்சேரியில் புலி கிடைக்காத குறைக்கு முயல் வரை இறங்கி வந்தார். நண்பர்கள் மூவரைச் சேர்த்து வேட்டைச் சங்கம் தொடங்கி, தலைவர் யார் என்று கேட்டுவிட்டு, தாமே கையைத் தூக்கினார். சங்கத்துக்கு முத்திரை உண்டு, கொடி உண்டு, ஆண்டு விருந்து உண்டு. முயல்தான் இன்னும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இவர்கள் படையெடுப்பது வீராயியின் மல்லாட்டைக் கொல்லைமேல். பள்ளிக்கூடப் புத்தகம் நிலக்கடலை என்று எழுதுவதை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று தின்பார்கள். முயல் வந்து இலையைக் கடித்தால் ஒரு பங்கு நட்டம். அந்த முயலைத் தேடிச் சங்கம் வந்தால் பத்துப் பங்கு. பூட்ஸ் மிதித்த செடி வேரோடு ஆடிப்போகும். கூட வரும் நாய்கள் பறித்த குழியில் பால்காய் பல்லை இளிக்கும். மிச்சத்தைக் காக்கை பார்த்துக்கொள்ளும். அந்த வருடம் மழை ஒழுங்காகப் பெய்து, கொல்லை முழுக்கக் காய் பிடித்திருந்தது. அது வீட்டுக்கு வந்தால்தான் வீராயி குடும்பத்துக்கு அடுத்த வருடம் என்று ஒன்று உண்டு.

அவள் வரப்பில் குறுக்கே நின்றாள்.

"முசே, காய் முத்துற நேரம். வேற பக்கமா போங்களேன்."

"இந்தாம்மா, வேட்டைக்கு வேலி கெடையாது. முயல் எங்க ஓடுதோ அங்க வேட்டைக்காரன் போவான். பிரான்சுல அப்படித்தான்."

"அப்படி ஓடுன முயலு எங்க?"

சங்கத்தார் மூவரும் வானத்தைப் பார்த்தார்கள். தலைவர் மட்டும் அசரவில்லை.

"போன வாரம் ஒண்ண இங்கேருந்து தொரத்துனேன். ஊரத் தாண்டி உப்பளம் வரைக்கும் ஓடுச்சு. நானும் விடல. கடல்ல குதிச்சிடுச்சு."

"அவ்ளோ தூரமா?"

"தொரத்துறவன் தொரத்துனா முயல் எவ்ளோ தூரமும் ஓடும்." புஷ்புஷ்ஷில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கெழம எங்க வூட்ல சங்க விருந்து. வரமாட்டோம். அதுக்கடுத்த வாரம் கூட்டமா வர்றோம். பாரீசுலேருந்து புதுசா வந்த நீதிபதியும் வர்றாரு. கொல்லய நல்லா வெச்சிரு."

வண்டி போனது. வீராயியின் புருஷன் அம்மாவாசை தலையில் கைவைத்துக்கொண்டான்.

"நீதிபதியே வந்து மிதிச்சா யாருகிட்டப் போயி சொல்றது?"

"எதுக்குய்யா சொல்லணும்? உன் வலைய எடு."

அம்மாவாசையின் முயல் வேட்டைக்குக் கொடியும் கிடையாது, முத்திரையும் கிடையாது. வேலியில் முயல் நுழைகிற சந்தைப் பார்த்து வலையைக் குச்சியில் நிறுத்துவான். எதிர்ப்பக்கத்திலிருந்து மச்சான்கள் இருவர் தகரம் தட்டிக்கொண்டு வருவார்கள். விருந்து நாள் காலையில் காரைப் புதருக்கடியில் படுத்திருந்தது ஒரு கொழுத்த முயல். மிதிக்கிற வரைக்கும் கல்போலக் கிடந்துவிட்டுக் கிளம்பியது. கிளம்பியது நேராக வலைக்குள். அம்மாவாசை வழக்கம்போலக் கழுத்தைத் திருகப் போனான்.

"உசுரோட வையி!" என்றாள் வீராயி.

ஓலைக் கூடைக்குள் முயல், மேலே துணி. கூடை தூக்கி வருகிற பெண்பிள்ளையை மாதா கோவிலுக்குத் தெற்கே, தலைவர் குடியிருக்கும் தெருவில், எவன் நிறுத்திக் கேட்பான்? பிரான்சுவா வீட்டுப் பின்கதவு வழியாக நுழைந்தாள். பின்னாலேயே வலையும் தகரமும் வந்தன.

தோட்டத்தில் தலைவரின் பெருமை பாத்தி பாத்தியாக விளைந்திருந்தது. மார்செய் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்த விதை. சலாத்துக் கீரையும் கேரட்டும். தாழ்வாரத்தில் மேசை போட்டு, நடுவில் நீதிபதியை உட்காரவைத்து, தலைவர் புலியை மூன்றாவது தடவையாகச் சுட்டுக்கொண்டிருந்தார்.

வீராயி கூடையைக் கவிழ்த்தாள். தகரம் முழங்கியது.

முயல் சலாத்தைத் தாண்டியது. மச்சான்கள் சலாத்துக்குள் இறங்கினார்கள். முயல் கேரட்டுக்குத் திரும்பியது. அவர்களும் மரியாதையாகக் கேரட்டுக்குத் திரும்பினார்கள்.

"ஏய்! ஏய்! நீயாடி! எங்க வந்து நொழஞ்ச?"

"வேட்ட, முசே! வேட்டைக்கு வேலி கெடையாதுல்ல!"

"லாஸ்பேட்டை முயலு எப்படி என் வூட்டுக்கு வரும்?"

"நீங்க தொரத்துனது உப்பளம் வரைக்கும் ஓடலாம், நான் தொரத்துனது இங்க வரக்கூடாதா? உப்பளத்துக்கு இது கிட்டந்தான!"

முயலுக்கு விவாதத்தில் அக்கறை இல்லை. படியேறி மேசைக்கடியில் புகுந்தது. சங்கத்தார் மூவரும் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். சங்கம் முயலை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மாவாசை வலையை வீசினான். அவன் கை தப்பாது. தூக்கிப் பார்த்தால் வலைக்குள் ஒரு முயலும், முழங்கால் வரை ஒரு தலைவரும் இருந்தார்கள்.

நீதிபதி எழுந்து நின்று கை தட்டினார். "பிராவோ! பிராவோ!" தமக்காக ஏற்பாடு செய்த நாட்டு வேட்டைக் காட்சி என்றே அவர் நம்பிவிட்டார். பிரான்சுவா வாயைத் திறந்தார். காவலைக் கூப்பிட்டால் காட்சி கெடும், பாராட்டும் போகும். வாய் தானாகப் புன்னகை ஆனது. "நம்ம ஏற்பாடுதான்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தமிழுக்கு வந்தார்.

"வலைய எடுடி."

"இனிமே வெளஞ்ச கொல்லையில கால் வெக்க மாட்டேன்னு சொல்லுங்க, எடுக்குறேன்."

அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று நீதிபதி கேட்டார். பிரான்சுவா தொண்டையைச் செருமுவதற்குள் அவர் மனைவி மதாம் அகஸ்டினா முந்திக்கொண்டாள். கல்யாணம் ஆன நாள் முதல் அந்தப் புலியோடு குடித்தனம் நடத்துகிறவள். விளைந்த நிலத்தில் இனிச் சங்கம் வேட்டையாடாது என்று என் கணவர் எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்கப் போகிறார் என்று அழகான பிரெஞ்சில் சொன்னாள்.

"உயர்ந்த கொள்கை!" என்று நீதிபதி கோப்பையைத் தூக்கினார்.

வேறு வழி? வலைக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு, தலைவர் அதை முதலில் பிரெஞ்சிலும் பிறகு தமிழிலும் அறிவித்தார். தமிழில் சத்தம் போதவில்லை என்று வீராயி இரண்டாவது தடவை சொல்ல வைத்தாள்.

முயல் அவளோடு லாஸ்பேட்டைக்குத் திரும்பிக் குழம்பானது.

கொல்லையில் இழுத்த இடமெல்லாம் கொத்துக் கொத்தாக மல்லாட்டை வந்தது. மூட்டை ஏற்றிய வண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை விட்டு ஜனம் வருகிற நேரமாகப் பார்த்து, பிரான்சுவா வீட்டு வாசல் வழியே போனது. சந்தைக்கு அது வழியே இல்லை. மூட்டைகளின் உச்சியில் வீராயி உட்கார்ந்திருந்தாள். மூட்டை சரியாதபடி மேலே இழுத்துக் கட்டியிருந்தது அந்த முயல் வலை.

ஜன்னல் கதவைச் சாத்தப் போன பிரான்சுவாவின் கையை அகஸ்டினா பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. வண்டி போறத நல்லா பாத்துக்குறேன்."