பொம்மை வயர்

கெஸ்ட் ஹவுஸின் மாடி அறையில் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தபோது, ஆரோக்கியசெல்வியின் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. விரிப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எடுத்துப் பார்த்தாள். ஆங்கிலத்தில் இரண்டு வரி. முதலில் இருந்த பார்சல் நம்பர் அவளுக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். அதற்குப் பின்னால் வந்ததில் ‘கஸ்டம்ஸ்’ என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. அந்த ஒரு சொல்லே போதும். தலையணை உறையைத் தோளில் போட்டுக்கொண்டே படியிறங்கி, பின்பக்கம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த ஜொஹராவிடம் ஓடினாள்.

ஜொஹரா கோட்டக்குப்பத்துக்காரி. குயிலாப்பாளையத்தில் இருக்கும் இந்த கெஸ்ட் ஹவுஸுக்குத் திரைச்சீலை, பை எல்லாம் தைத்துக் கொடுப்பவள். கணவன் துபாயில். தங்கள் தெருவுக்கு வெளிநாட்டுப் பார்சல் வருவதெல்லாம் பால் பாக்கெட் வருகிற மாதிரி என்று அலட்டிக்கொள்வாள். இப்போது போனை வாங்கிப் படித்தவளின் முகத்தில் அந்த அலட்டல் இல்லை.

“நிறுத்தி வெச்சிருக்காங்களாம்க்கா. லெட்டர் வருமாம். பதில் சொல்லணுமாம்.”

“இன்னான்னு பதில் சொல்றது?”

“லெட்டர் வந்தாதான தெரியும்.” போனைத் திருப்பிக் கொடுத்தாள். “பயப்படாதக்கா. நாம என்ன தங்கமா கடத்துனோம்? ஒரு வயரு.”

ஒரு வயர்தான். ஆள்காட்டி விரல் நீளம்கூட இருக்காது. ஆனால் செல்வியின் மகள் பூவிழியின் உலகம் மொத்தமும் அந்த வயர் வழியாகத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பிறக்கும்போதே காது கேளாத பிள்ளை அவள். காப்பீட்டு அட்டையில் சென்னையில் ஆபரேஷன் செய்து, தலைக்குள் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். வெளியே காதுக்குப் பின்னால் மாட்ட ஒரு மிஷின், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ள வட்டமாக ஒரு வில்லை, இரண்டையும் இணைக்க இந்த வயர். முதன்முதலில் சத்தம் கேட்டபோது வீறிட்டு அழுத பிள்ளை, ‘அம்மா’ என்று சொல்ல ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. பிறகு பிடித்ததய்யா ஒரு பேச்சு! நாலாம் வகுப்பு முடிப்பதற்குள் அக்கம்பக்கத்து வம்பு முழுக்க அவள் வாயில்தான். கொஞ்சம் வாயை மூடேண்டி என்று செல்வியே சலித்துக்கொண்ட நாட்கள் உண்டு. அதை நினைத்தால் இப்போது நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் ஊரான மரக்காணத்தின் உப்புக்காற்று எதைத்தான் விட்டுவைத்தது? சைக்கிள் செயின், கதவுக் கீல், ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் தின்கிறது. இதற்குப் பயந்துதான் கெஸ்ட் ஹவுஸில் தங்குபவர்கள் எறிந்துவிட்டுப் போகும் செருப்பு டப்பாக்களைக் கிளறி, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைப் பொறுக்கி வருவாள். எவர்சில்வர் டப்பாவில் அவற்றைப் போட்டு, ராத்திரி மிஷினை அதற்குள் மூடி வைப்பாள். அப்படியும் வயரின் முனை பச்சை பூத்தது. ஏப்ரலில் ஒரு மத்தியானம், மாங்காய்க்கு உப்பு கேட்டுக்கொண்டிருந்த பூவிழி பாதியில் நிறுத்தி, தலையைத் தட்டிப் பார்த்து, அம்மாவைத் திகைப்போடு பார்த்தாள். அதோடு சரி.

மிஷின் விற்கிற இடத்தில், இது பழைய மாடல், இதற்கு வயர் வருவதில்லை, மிஷினையே மாற்றிவிடுங்கள் என்றார்கள். புது மிஷினின் விலையைக் கேட்ட செல்வியின் புருஷன் சகாயராஜ், எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான். அப்புறம் ஜொஹராதான் போனைக் குடைந்து குடைந்து, வெளிநாட்டில் எவனோ ஒருத்தன் அதே மாடலுக்கு வயர் விற்பதைக் கண்டுபிடித்தாள். துபாய்க் கணவனின் கார்டில் பணமும் கட்டினாள். அதுவரைக்கும் அவள் செய்தது புண்ணியம். அதற்கு மேல் செய்ததுதான் வினை.

“உள்ளத உள்ளபடி எழுதினா வரியப் போட்டுத் தீட்டிடுவாங்கக்கா. பொம்மை, கிப்ட்டுன்னு எழுதி அனுப்பச் சொல்லிடலாம். எங்க தெருவுல எல்லாருமே அப்படித்தான்.”

விற்பவனுக்கு அப்படியே தட்டிவிட்டாள். செல்வி பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

கடிதம் வந்தது. ஜொஹரா அதை இரண்டு தடவை படித்தாள். பார்சலில் பொம்மை என்று எழுதியிருக்கிறது. வெளிநாட்டுப் பொம்மைக்குத் தரச் சான்றிதழ் வேண்டும். கிப்ட் என்று எழுதினாலும் வரி உண்டு. பணம் கட்டிய ரசீதோடு சென்னை அலுவலகத்தில் நேரில் விளக்கம் தராவிட்டால் பார்சல் திருப்பி அனுப்பப்படும். இவ்வளவையும் சொல்லி முடித்துக் கடிதத்தை மடித்தாள் ஜொஹரா.

“ரசீதுல அவரு பேருதானக்கா இருக்குது. பக்ரீத்துக்கு லீவுல வர்றாரு. ஏர்போர்ட்டுலயே நிறுத்திட்டாங்கன்னா? யா அல்லா, நல்லது செய்யப் போயி...”

செல்விக்கு அவள் மேல் கோபம் வந்தது. உடனே அந்தக் கோபத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. இவளாவது தேடிக் கொடுத்தாள். மற்றவர்கள் ‘பாவம்’ என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் வெட்கப்பட்டு என்ன செய்ய? வீட்டில் பிள்ளை நாளுக்கு நாள் ஊமையாகிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே இருந்தால்தான் பேச்சு நிலைக்கும் என்று ஸ்பீச் டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முதலில் ‘ச’ போனது. சாப்பாடு ‘ஆப்பாடு’ ஆயிற்று. பிறகு, தன் குரல் தனக்கே கேட்காததால் கத்த ஆரம்பித்தாள். தெருப்பிள்ளைகள் சிரித்தார்கள். அதைக் கண்ணால் பார்த்த அன்றிலிருந்து அவள் வாயைத் திறப்பதே குறைந்துபோனது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறாள். “வாயால கேளுடி கண்ணு, தண்ணின்னு சொல்லு” என்று செல்வி முகத்துக்கு நேராகக் கெஞ்சினால், டம்ளரை வைத்துவிட்டுத் தாகத்தோடு போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு செல்வி நேராக உப்பளத்துக்குப் போனாள். சகாயராஜ் பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தான். வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. அவள் சொன்னதையெல்லாம் பலகையை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

“வுட்டுடு செல்வி. திருப்பி அனுப்புனா அனுப்பட்டும். கேஸு கீஸுன்னு ஆயிடப் போவுது. பொய்யி எழுதிட்டு நேராவே போயி நிப்பியா?”

“போவாம? இஸ்கூல் தொறக்கப் போவுது. டீச்சர் சொல்றது இன்னா கேக்கும் அவளுக்கு?”

“நான் ஒண்ணும் வேணாம்னு சொல்லல...”

“பாத்திக்கு இட்டாராதன்னு எத்தினி தடவ சொன்னேன்? லீவு வுட்டாப் போதும், அப்பனும் பொண்ணுமா இங்கயே கெடந்தீங்க. உப்புல அரிச்சிப் போச்சி!”

சொல்லியிருக்கக் கூடாது. அவன் குனிந்து, ஏற்கெனவே வாரிய இடத்தையே மறுபடி வாரினான். வயர் இங்கே வந்துதான் கெட்டது என்று யாரால் சொல்ல முடியும்? வீட்டுக்குள்ளும் அதே காற்றுதான் வீசுகிறது. ஆனால் பழி போட ஒரு ஆள் கிடைத்தால் மனசுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கிறது. செல்விக்கு அந்த லேசும் கிடைக்கவில்லை. வரப்பில் ஏறி, “நாளைக்குப் போறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் பூவிழிக்கு ஜன்னலோரம் கொடுத்தாள். மிஷினையும் வில்லையையும் வழக்கம்போல மாட்டி, இடையில் வயர் இல்லாமலே தலை சீவி விட்டிருந்தாள். ஆஸ்பத்திரி அட்டை, ஆதார், கடிதம், ரசீது எல்லாம் மடியில் ஒரு கவரில். சென்னை வரும்வரைக்கும் அவள் மனசு ஒரு நிலையில் இல்லை. உண்மையைச் சொன்னால் ஜொஹராவின் குடும்பம் மாட்டிக்கொள்ளுமோ? சொல்லாவிட்டால் வயர் போய்விடும். அந்த வெளிநாட்டுக்காரனிடம் இன்னொன்று இருக்குமா? சாலையில் போலீஸ் வண்டி ஒன்று தாண்டிப் போனதும் கவரைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பக்கத்திலிருந்த அம்மாள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

வெளிநாட்டுப் பார்சல்களைச் சோதிக்கிற அந்த அலுவலகத்தில் பெரிய ஹால். ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அப்பால் பார்சல்கள் மலையாகக் கிடந்தன. வரிசையில் நின்று, நகர்ந்து நகர்ந்து, மேசைக்கு வந்ததும் செல்வி கவரில் இருந்ததையெல்லாம் எடுத்து நீட்டினாள். மூக்குக் கண்ணாடி போட்ட ஆபீசர் கடிதத்தைப் பார்த்து, ஆள் விட்டுப் பார்சலை எடுத்து வரச் சொன்னார். அவள் கண்ணெதிரே அதைக் கத்தரித்தார். பஞ்சுத்தாளுக்குள்ளிருந்து அந்த வயர் வெளியே வந்தது. செல்விக்கு அதை அப்படியே பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

“பொம்மைன்னு போட்டிருக்குது. சர்ட்டிபிகேட் இருக்கா?”

“அது பொம்மை இல்லீங்க சார். எம் பொண்ணோட காது மிஷினு வயருங்க.”

“அப்ப பொம்மைன்னு யாரு எழுதினது?” ரசீதைப் புரட்டினார். “இது யாரு பேரு? துபாய் கார்டு?”

வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார். கோட்டக்குப்பத்தில் இந்நேரம் ஜொஹரா தொழுகைப் பாயில் துவா கேட்டு உட்கார்ந்திருப்பாள் என்று செல்விக்குத் தோன்றியது.

“எங்கூட வேல செய்யிற பொண்ணோட வீட்டுக்காரருங்க. கார்டு மட்டும்தான் அவருது. அவருக்கு ஒண்ணும் தெரியாது. பொம்மைன்னு எழுதச் சொன்னது நானுதாங்க சார். வரி ஜாஸ்தியா வருமேன்னு பயந்துட்டேன்.”

“படிச்சிருக்கீங்களா?”

“எட்டாவதுங்க.”

“ஏம்மா, உள்ளத எழுதியிருந்தா இவ்ளோ தூரம் நீங்க வரவே வேண்டியிருக்காதே.” ஆபீசர் சிடுசிடுக்கவில்லை. அலுப்பாகத்தான் சொன்னார். அது இன்னும் பயமாக இருந்தது. “இப்ப காது மிஷின்னு சொல்றீங்க. நான் எப்படி நம்புறது? தினம் நூறு பேரு நூறு கதை சொல்றாங்க. அட்டை இருக்குது, சரி. அட்டை யாரு வேணா கொண்டாரலாம். பொண்ணு எங்க?”

செல்வி கையைக் காட்டினாள். பூவிழி கண்ணாடித் தடுப்பில் மூக்கை வைத்து நின்றிருந்தாள். அப்பால் ஒருத்தன் பார்சல்களைத் தூக்கி எறிந்து எறிந்து பிடித்துத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது.

“பாப்பா” என்று கூப்பிட்டார் ஆபீசர்.

அப்போதுதான் செல்விக்குப் புரிந்தது, பிள்ளை திரும்பாமல் நிற்பதுதான் இங்கே சாட்சி. மகள் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தாள். கடையில், பஸ்ஸில், கோயிலில் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கும் இடத்தில், யாராவது கூப்பிட்டு இவள் திரும்பாமல் நிற்கும் அந்த நிமிஷம் வருவதற்கு முன்பே தோளைத் தொட்டுத் திருப்பிவிடுவது செல்விக்கு மூச்சு விடுகிற மாதிரிப் பழகிப்போன காரியம். ‘செவிடு’ என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது. இத்தனை வருஷமாக அதைத்தான் காவல் காத்தாள். இப்போதும் கை தானாக எழுந்தது. மற்றக் கையால் அதைப் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

“பாப்பா! ஏ பாப்பா!” ஆபீசர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஹாலில் எல்லாத் தலையும் திரும்பியது. யாரோ ஒருவர் பலமாகக் கைதட்டினார். இன்னொருவர் மேசையில் அறைந்தார். பூவிழியின் பின்னல்கூட அசையவில்லை. ஒரு பெண் ‘ச்சு’ கொட்டினாள். பெற்ற பிள்ளையைச் சந்தையில் நிறுத்திய மாதிரி செல்விக்கு உடம்பெல்லாம் கூசியது. கூசிக்கொண்டிருக்கும்போதே, திரும்பிடாதடி, கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம் திரும்பிடாத என்று உள்ளுக்குள் மன்றாடினாள். அப்படி மன்றாடுவதை உணர்ந்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

வண்டி நிறைந்து, அவன் தள்ளிக்கொண்டு போய்விட்டான். வேடிக்கை தீர்ந்து பூவிழி திரும்பினாள். ஹால் முழுக்கத் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் சிரிப்பு அப்படியே நின்றது. பாவாடையைக் குனிந்து பார்த்தாள். கண்ணாடியில் தன் மூக்குப் பதிந்த இடத்தைப் பார்த்து, அவசரமாக அதைக் கையால் துடைத்தாள். பிறகு ஓடிவந்து செல்வியின் முன்னால் நின்றாள்.

ஆபீசர் உட்கார்ந்து, வயரைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கீழே வைத்தார். ஒரு தாளை இழுத்து ஏதோ எழுத ஆரம்பித்தார். அது விடுவிக்கவா, திருப்பி அனுப்பவா, கேஸ் போடவா என்று செல்விக்குத் தெரியவில்லை. கேட்கத் தைரியமும் வரவில்லை.

தான் செய்த தப்பு என்ன என்று அம்மா சொல்வாள் என எதிர்பார்த்து, பூவிழி அண்ணாந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.