மூளியின் பங்கு

படகின் பின்பக்கம் தூண்டில் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்த எல்ஜின் சட்டென்று நிமிர்ந்தான். “அக்கா, இன்ஜின நிறுத்து. மூளி மகன் வந்துருக்கான்.”

வெர்னா நிறுத்தினாள். ஓர்கா திமிங்கலம் பக்கத்தில் வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். அந்த ஜலசந்தியில் மீன் பிடிக்கிற யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் மூச்சுதான் கேட்டது. பிறகு ஆள் உயர முதுகுத் துடுப்பு கறுப்பாக எழுந்தது. அதன் வலது பக்கம் வெறும் தண்ணீர்.

போன கோடை வரை அந்தப் பக்கம் அவன் அம்மா இருந்தாள். துடுப்பில் ஒரு துண்டு போய்விட்டதால் ஊருக்கே அவள் மூளி. மகனுக்கு முப்பது வயது இருக்கும், அவளைவிட எவ்வளவோ பெரிய உடம்பு. ஆனாலும் அவள்தான் சால்மன் மீனைத் துரத்திப் பிடித்து, இரண்டாகக் கடித்து, பாதியை அவன் வாய்க்கு நேராக விடுவாள். வேறு குடும்பத்துப் பெண்ணோடு அரைநாள் சுற்றிவிட்டு வந்தாலும் சாப்பாட்டு வேளைக்கு ஐயா அம்மாவிடம் ஆஜர். படகுத்துறையில் எல்ஜினை இதை வைத்துத்தான் ஓட்டுவார்கள். “என்னப்பா மூளி மகனே, இன்னிக்கும் ஒங்கம்மா முள்ளெடுத்துக் குடுத்தாளா?” முப்பத்தெட்டு வயதுக்காரன் வெட்கமே இல்லாமல் சிரிப்பான். “முள்ளும் எடுத்தா, ஊட்டியும் விட்டா. ஒனக்கென்னய்யா வயித்தெரிச்சல்?”

குளிர்காலத்தில் எல்ஜின், வெர்னாவின் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு யாரும் எல்ஜினை அப்படிக் கூப்பிடுவதில்லை. தட்டில் வைத்ததைக் கிளறிவிட்டு எழுந்து போவான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டான். வெர்னா திட்டினாள், கெஞ்சினாள், அம்மா வைக்கிற மாதிரியே மீன் சூப் வைத்துப் பார்த்தாள். ம்ஹூம். இந்தக் கோடையில் மூளியின் குடும்பம் திரும்பி வந்தது, மூளி வரவில்லை. அன்றைக்குத் துறையில் நின்றபடி எல்ஜின் சொன்னான்: “அவன் இந்த வருஷத்தத் தாண்டிட்டான்னா நானும் தாண்டிருவேன்க்கா.” விளையாட்டாகத்தான் சொன்னான். வெர்னாவால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அம்மா போனால் ஆண் ஓர்கா சீக்கிரமே பின்னால் போய்விடும் என்பது அங்கே எல்லாரும் கண்ணால் பார்த்ததுதான்.

இப்போது மூளி மகன் படகுக்கு அருகிலேயே மிதந்தான். கொழுப்பு வற்றி, தலைக்குப் பின்னால் பள்ளம் விழுந்திருந்தது. அவனுடைய அக்கா தன் குட்டியோடு வெகுதூரம் போய்விட்டாள். அவளுக்குத் தன் பிள்ளையைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது, பாவம்.

எல்ஜின் பெட்டியைத் திறந்து, காலையில் பிடித்த பெரிய சால்மனை எடுத்தான்.

“டேய், வேணாம். ஓர்காவுக்குத் தீனி போட்டா லைசன்ஸப் புடுங்கிருவானுங்க. அதுவுமில்லாம, செத்த மீன அவன் சீண்டவே மாட்டான்.”

“முழுசாப் போட்டாத்தான் சீண்டமாட்டான்.” மீனைப் பலகையில் வைத்து நடுவில் ஒரே வெட்டு. “பாதியாப் போட்டா அம்மா குடுக்குறான்னு நெனச்சுக்குவான்.”

கத்தியைப் பிடுங்கியிருக்க வேண்டும். அவள் பிடுங்கவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தம்பியின் முகத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு அக்கறை தெரிந்தது. லைசன்ஸாவது மண்ணாவது.

பாதி மீன் தண்ணீரில் விழுந்தது. பெரிய தலை திரும்பியது, மெதுவாக வந்தது, வாயைத் திறந்தது. எல்ஜின் அவள் கையை இறுகப் பிடித்தான். “வாங்கிட்டான்க்கா! பாத்தியா, வாங்கிட்டான்!”

“தின்னுடா,” என்றாள் வெர்னா. “தின்னுத் தொலைடா, ராசா.”

அவன் விழுங்கவில்லை. திரும்பி, தன் வலது பக்கத்து வெறும் தண்ணீரில் மீனை விட்டான். விட்டுவிட்டுக் காத்திருந்தான். மீன் முங்கத் தொடங்கியது. அடியில் போய் மூக்கால் தூக்கி, மறுபடியும் அதே இடத்தில் வைத்தான்.

“அது ஒனக்குடா!” எல்ஜின் படகின் விளிம்பில் குனிந்து கத்தினான். “ஒனக்குத்தாண்டா போட்டேன்! அவ இல்லடா, அவ வரமாட்டா, நீ தின்னுடா!”

இதே வார்த்தைகளை அடுப்படியில் நின்று வெர்னா தம்பியிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். அவை எந்த லட்சணத்தில் வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் முறை மீன் மேலே வந்தபோது கடற்பறவைகள் பார்த்துவிட்டன. ஒன்று இறங்கியது, அப்புறம் கூட்டமாக இறங்கின. எல்ஜின் தொப்பியைக் கழற்றி வீசினான். “ச்சூ! போ! தொடாத!” வெர்னா தளம் கழுவும் துடைப்பத்தை எடுத்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். ஓர்கா மீனை மறுபடி தூக்கி வைத்தது. அக்காவும் தம்பியும் பறவைகளை விரட்டிக்கொண்டே இருந்தார்கள்.