செவலை கேட்ட சாட்சி

ஹெக்டர் தகரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால், போர்வையைத் தலையோடு இழுத்துவிட்டுக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து அவன் மாமியார். மருமகனும் மாமியாரும் முகம் பார்க்கக் கூடாது, நேருக்கு நேர் பேசவும் கூடாது. அந்த மண்ணில் வெள்ளைக்காரனும் மாடும் வந்து இறங்குவதற்கு முன்பிருந்தே அதுதான் சட்டம்.

விசாரிக்க வந்த துரைக்கு அது எங்கே தெரியும்? மாட்டுப் பண்ணைக்காரர் பிரெஸ்காட் ஊற்றைச் சுற்றி வேலி போட அனுமதி கேட்டிருந்தார். ஊற்று ஹெக்டரின் பழங்குடிச் சனங்களுடையது என்று சாட்சி கிடைத்தால் வேலி கிடையாது. ஊற்றின் கதை தெரிந்தவள் அந்த மாமியார்க் கிழவி ஒருத்திதான். மற்ற ஆண்கள் மாடு ஓட்டிப் போயிருந்ததால், இரண்டு பாஷையும் தெரிந்தவன் ஹெக்டர் ஒருவன்தான்.

"ஊத்து யாருதுன்னு கேளு," என்றார் துரை.

கொட்டகை நடுவே நாய் படுத்திருந்தது. நல்லவேளை.

"ஏய் செவலை, ஊத்து யாருதுன்னு துரை கேக்குறாரு," என்றான் ஹெக்டர்.

கிழவியும் நாயிடமே பதில் சொன்னாள். "நல்லா கேட்டுக்க செவலை. அது என் ஆத்தாளோட தண்ணி. கங்காரு வேட்டைக்கு வர்ற வெளியூர்க்காரன்கூட அவகிட்டக் கேட்டுட்டுத்தான் கை நனைப்பான். இப்ப என்கிட்டக் கேப்பான். இன்னும் இருக்கு, சொல்றேன்..."

"யார்கிட்டப் பேசுறா அவ?"

"நாய்கிட்டங்க."

உண்மையைத்தான் சொன்னான். பாவி, அந்த ஒன்றை விழுங்கியிருக்கக் கூடாதா?

துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரெஸ்காட் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நாய்தான் இவங்களுக்கு வக்கீல்!"

"துரை, அவங்க சொன்னது என்னன்னா..."

"நாய்கிட்டச் சொன்னதெல்லாம் சாட்சி ஆகாது."

துரையோடு வந்த போலீஸ்காரன் உதைத்த உதையில் செவலை ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. கேட்க நாய் இல்லாததால் கிழவியும் வாயை மூடிக்கொண்டாள்.

"திரும்பி அவ மூஞ்சியப் பாத்துக் கேளுடா!" என்று அதட்டினார் துரை.

"மாட்டேங்க. எங்க சட்டம் அது."

"சட்டமா? உங்களுக்கா?"

ஹெக்டர் தகரச் சுவரையே பார்த்தான். திரும்பினால் ஊற்று மிஞ்சலாம். ஆனால் ஊற்றை அவர்களுக்குக் கொடுத்ததே அந்தச் சட்டம்தானே? அதை மிதித்துவிட்டு எந்த வாயால் எங்களுடையது என்பது? அவன் திரும்பவில்லை. சாட்சி இல்லை என்று எழுதிவிட்டு, துரை பிரெஸ்காட் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

மழைக்கு முன்பே முள்கம்பி ஏறிவிட்டது. கிழவி கம்பிக்கு வெளியே நின்றாள். சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு ஹெக்டர். செவலை மட்டும் கம்பிக்கு அடியில் நுழைந்து உள்ளே ஓடியது.

"குடி செவலை, வயிறு முட்டக் குடி," என்றாள் கிழவி, அவன் காதில் விழும்படி. "உன்கிட்ட எவனும் சாட்சி கேக்க மாட்டான்."