இன்னும் கொஞ்சம் புளிப்பு

இளவரசி கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். எதிரே கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மாலையுமாகக் கலைமணி பரீட்சை எழுதிவிட்டு வந்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். செம்மண்டலத்து வாடகை வீட்டின் சமையலறை முழுக்க நார்த்தம்பழத் தோலும் இஞ்சிச் சக்கையும் காலி சோடா பாட்டில்களும் இறைந்து கிடந்தன. அவள் மேலுதட்டில் நுரை மீசை மாதிரி ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட அவனுக்குக் கை பரபரத்தது. மலைக்கு மாலை போட்டவன் பெண்டாட்டி உதட்டைத் துடைக்க முடியுமா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நல்லாருக்கு சாமி. இன்னும் கொஞ்சம் புளிப்பு இருக்கலாம்."

"ஏற்கெனவே ரெண்டு பழம் ஜாஸ்தி புழிஞ்சிருக்கேன்."

"எனக்குப் பத்தல. நாக்குல சுருக்குனு புடிக்க வேணாமா?"

கார்த்திகை முதல் தேதி வரைக்கும் அவளுக்கு அவன் மாமா. மாலை ஏறியதும் சாமி ஆகிவிட்டான். சாமிக்குத் தனிப் பாய், தனித் தட்டு. பேச்சில்கூட ஒரு முழம் இடைவெளி வந்துவிட்டது. அந்த இடைவெளிதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது, விடிகாலைப் பச்சைத்தண்ணீர்க் குளியல்கூடப் பழகிப்போயிற்று.

கலைமணிக்குப் புதுச்சேரி போகிற வழியில் கடலைப் பார்த்தமாதிரி இருக்கும் ஒரு ரிசார்ட்டின் பாரில் வேலை. தேவனாம்பட்டினத்தில் அவன் அப்பா வலை இழுத்தார், இவன் கார்க் இழுக்கிறான் என்று மச்சான்மார்கள் கேலி செய்வார்கள். டிசம்பர் பிறந்தால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் காராக வந்து இறங்குவார்கள். பனிக்காலத்துக்கென்று நுரை பொங்குகிற மாதிரி புதுசாக ஒன்று வேண்டும், அதில் நம் ஊர் வாசனையும் இருக்க வேண்டும் என்று மானேஜர் லூர்துசாமி சொல்லியிருந்தார். நார்த்தம்பழச் சாறு, இஞ்சி, பனங்கற்கண்டுப் பாகு. மேலே ஸ்பார்க்ளிங் ஒயின். கணக்கு இதுதான். வீட்டில் ஒயினுக்குப் பதில் சோடா.

சீசனில் லீவு கிடையாது. அதனால் மாலையோடுதான் பாரில் நின்றான். யூனிஃபார்ம் சட்டை ஏற்கெனவே கறுப்பு. கவுண்டருக்குப் பின்னால் செருப்பில்லாத காலை யார் பார்க்கப் போகிறார்கள்? குருசாமி மணவாளன்கூட, "தொழில் வேற, விரதம் வேற. ஊத்து சாமி. ஆனா அந்தச் சரக்கு உன் நாக்குல படக்கூடாது, அவ்ளோதான்" என்று சொல்லி மாலையைப் போட்டுவிட்டார். அவர் சொன்னது சரக்கை மட்டும்தான். கலைமணிதான் அந்தக் கோட்டை இன்னும் தள்ளிப் போட்டுக்கொண்டான். சரக்கில் கலக்கப் போகிற சாற்றையும் பாகையும்கூட நாக்கில் வைக்கமாட்டேன் என்று முடிவெடுத்தான். அதனால்தான் ருசி பார்க்கிற வேலை இளவரசியிடம் வந்தது.

இவ்வளவு பயபக்தி அவனுக்குப் புதுசு. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இரண்டு தடவை வயிற்றில் தங்கியது, இரண்டு தடவையும் மூன்றாம் மாசம் தாண்டவில்லை. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும்போது இளவரசி அழவில்லை. ரோட்டோரம் ஸ்கூல் விட்டுப் போகிற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்றைக்குத்தான் மலைக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டான். ஒரு பிள்ளை. அதற்குமேல் அவன் கேட்கவில்லை. தன் பக்கத்துக் குறையால் அது தட்டிப் போய்விடக்கூடாதே என்றுதான் ஒரு சொட்டு சாற்றுக்குக்கூடப் பயந்தான்.

மறுநாள் பார் திறக்கும் முன்னால் லூர்துசாமியின் முன் கிளாஸை வைத்தான். வீட்டில் இளவரசி சொன்ன பக்குவத்தில் சாறு கலந்து காய்ச்சி எடுத்துவந்த பாகு. அதன்மேல் ஒயினைச் சாய்த்து ஊற்றியதும் பொடிப் பொடிக் குமிழாக ஏறி வந்தது. பார்க்க அத்தனை அழகு. லூர்துசாமி ஒரு வாய் குடித்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது, தோள் ஒருபக்கம் ஏறியது.

"என்ன சாமி இது, பல்லு கூசுது."

"புளிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கா சார்?"

"கொஞ்சமா? யாரு ருசி பாத்தது?"

"வீட்லதான் சார். அவுங்க சிதம்பரம். கொத்சு சாப்ட்டு வளந்தவுங்க, நாக்கு தப்பாது."

லூர்துசாமி கிளாஸைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அப்புறம் கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "எனக்கு நாலு பொண்ணு, தெரியுமில்ல? நாலு தடவையும் ஆரம்ப மாசத்துல எங்க வீட்டு ரசத்த மனுசன் வாயில வைக்க முடியாது. இதே புளிப்பு. வீட்ல எப்பிடி இருக்காங்க?"

"நல்லாருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கிளாஸைத் துடைக்கத் துணியை எடுத்தான். துடைக்காமல் அப்படியே நின்றான்.

சிதம்பரம் என்று அவன் வாயால் சொன்னதுதான் அவனை நிறுத்தியது. மாலை போடும் முன்பே பேசி வைத்த விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் சாமி இருக்கும்போது மாதத்தில் அந்த மூன்று நாள் அவள் அம்மா வீட்டுக்குச் சிதம்பரம் போய்விட வேண்டும். மாலை போடுகிற எல்லா வீட்டிலும் இப்படி ஏதாவது ஓர் ஏற்பாடு இருக்கும். கார்த்திகை முழுசும் போய் மார்கழியும் பிறந்துவிட்டது. இளவரசி ஒரு தடவைகூடச் சிதம்பரம் போகவில்லை. சீசன் வேலையில் அவன் அதைக் கவனிக்கவேயில்லை.

"புளிப்பப் பாதியாக் கொறச்சு நாளைக்கு எடுத்துட்டு வாங்க" என்றார் லூர்துசாமி, மிச்சப் பாகு இருந்த ஃபிளாஸ்க்கை மூடி அவன் பக்கம் தள்ளியபடி. "இது வீட்லயே இருக்கட்டும். அவுங்களுக்கு ஆவும்."

பகல் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷமா பயமா என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. முதல் தடவை தெரு முழுக்க லட்டு கொடுத்தார்கள். இரண்டாவது தடவை அவள் அம்மாவுக்கு மட்டும் சொன்னார்கள். இந்தத் தடவை அவள் அவனுக்கே சொல்லவில்லை. வாயைத் திறந்து சொன்னால் போய்விடும் என்று நினைத்திருக்கிறாள். பக்கத்துப் பாயில் படுக்கக்கூட ஆளில்லாமல், இத்தனை நாளாக அந்தப் பயத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு, அவன் நீட்டிய கிளாஸையெல்லாம் வாங்கிக் குடித்து ருசி சொல்லியிருக்கிறாள். அதை நினைத்தபோதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

வீட்டில் அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னா சொன்னாரு சாமி?"

"புளிப்பு ஜாஸ்தியாம்."

"அப்பிடியா? எனக்கு அது சரியாத்தான..." என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்கும். அரிவாள்மணையைப் படுக்கப் போட்டாள். முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

கேட்டுவிடலாம். கேட்டால் அவள் சொல்லியாக வேண்டும். கிட்டே போய் அந்தக் கையையாவது பிடித்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கலைமணி வாசற்படியிலேயே நின்றான்.

"வேற எதுனா வேணுமா?" என்றான்.

அவள் நறுக்கிய காயைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினாள். "மாங்கா கெடைக்குமா?" என்றாள். "பச்ச மாங்கா."

"கெடைக்கும்."

திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் விளக்குப் போட்டிருந்தார்கள். பனி இறங்கி உள்ளங்கால் சில்லிட்டது. மாங்காய் சீசனுக்கு இன்னும் மாசக்கணக்கில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? இருந்தும் கடை கடையாக ஏறிக் கேட்டான். ஒருவர் கையை விரித்தார். ஒருவர் மாங்காய் ஊறுகாய் தரட்டுமா என்றார். கோயில் பக்கத்துக் கடைசிக் கடையில் காய்கறிக்கார அம்மாள் வாய்விட்டே சிரித்தாள்.

"மார்கழில மாங்கா கேக்குற சாமிய இப்பத்தான் பாக்குறேன். வீட்ல யாருக்கு இம்புட்டு ஆச?"

அவன் கடையை விட்டு நகரவில்லை. அந்த அம்மாள் அவன் தாடியையும் மாலையையும் புழுதி படிந்த காலையும் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"அப்பிடி ஓரமா ஒக்காரு சாமி" என்றாள். முழங்காலில் கையூன்றி எழுந்து, கடைக்குப் பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, வாயைப் பிரித்து உள்ளே கைவிட்டுத் துழாவ ஆரம்பித்தாள்.